காட்டும் முன் கேளுங்கள்: கடற்கரைப் பள்ளியில் அறிவியல்

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனையைப் பார்க்காமல் நடுநிலைப் பள்ளியைத் தாண்டியவர்கள் குறைவு. இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புக் கரைத்த தண்ணீர். முதலாவதில் முட்டை மூழ்கும், இரண்டாவதில் மிதக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆசிரியர் கரும்பலகையில் ‘அடர்த்தி’ என்று எழுதி வரையறையைச் சொல்வார். மணி அடித்துவிடும். ஒரு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் முட்டை ஏன் மிதந்தது என்று கேட்டுப் பாருங்கள். “உப்பு முட்டையைத் தூக்கிருச்சு டீச்சர்” என்பார்கள். “உப்புக்குச் சக்தி அதிகம்” என்பார்கள். சோதனை மனதில் நின்றிருக்கும், அதன் காரணம் நின்றிருக்காது.

செய்து காட்டினால் போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. கண் பார்ப்பதை மனம் தன் பழைய எண்ணத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளும். அந்தப் பழைய எண்ணம் என்ன என்று யாரும் கேட்காதபோது, அது அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். புதிய பாடம் அதன் மேல் பூச்சாக ஒட்டிக்கொண்டு, தேர்வு முடிந்ததும் உதிர்ந்துவிடும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சோதனையைக் காட்டும் முன், என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் சொல்லவைக்க வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்றும் எழுதவைக்க வேண்டும். அப்புறம் சோதனை. அதற்கும் அப்புறம்தான் விளக்கம். கணி, காண், விளக்கு என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டன் இருவரும் 1992-இல் வெளியிட்ட நூல் வழியாக இந்த மூன்று படிகளும் உலகெங்கும் ஆசிரியர்களிடம் பரவின. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் அவரோடு பணியாற்றியவர்களும் இயற்பியல் வகுப்பில் செய்த ஒரு ஒப்பீட்டை 2004-இல் வெளியிட்டார்கள். சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களைவிட விளக்கம் சொல்வதில் பெரிதாக முன்னேறியிருக்கவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவர்கள் அதிகம் புரிந்துகொண்டிருந்தார்கள். சொன்னதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டவர்களுக்கு இன்னும் கூடுதல் பலன். இத்தனைக்கும் கணிப்பைக் கேட்க ஒருசில நிமிடங்களே கூடுதலாகத் தேவைப்பட்டன.

நடுநிலைப் பள்ளி அறிவியலில் படைப்பாற்றல் என்றதும் பலருக்கு வண்ண அட்டை, தெர்மோகோல் மாதிரி, சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கும் எரிமலை இவைதான் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் தவறில்லை. ஆனால் பிள்ளையின் மூளைக்கு வேலை தருவது நல்ல கேள்விதான். அந்தக் கேள்விக்கான பொருள் ராமநாதபுரம் கடற்கரையில் கொட்டிக்கிடக்கிறது. சாயல்குடிப் பக்கம் தொடங்கி வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று போய், மறுபக்கம் தேவிபட்டினம், தொண்டி வரை நீளும் கரை இது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கும் இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடம் வாசலிலேயே கிடையாது.

முட்டைக்கே திரும்புவோம். அதே சோதனையைக் கடற்கரைப் பள்ளியில் செய்தால் எப்படிக் கேட்கலாம்? உப்புக் கரைப்பதை விட்டுவிட்டு ஒரு வாளி கடல்நீர் கொண்டு வாருங்கள். “இந்தத் தண்ணீரில் முட்டை மிதக்குமா, மூழ்குமா?” என்று கேளுங்கள். பெரும்பாலான கைகள் மிதக்கும் என்ற பக்கம்தான் உயரும். “கடல்ல ஆளே மெதக்குறாங்க, முட்டை மெதக்காதா?” என்று ஒரு குரல் வரும். அருமையான காரணம் அது. அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது புது முட்டையைக் கடல்நீரில் விடுங்கள். மூழ்கும்.

வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிடும். அப்புறம் ஆளுக்கு ஆள் பேசத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில்தான் அடர்த்தி என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள்தான் கரைந்திருக்கின்றன. நன்னீரைவிட இரண்டரை சதவீதம் மட்டுமே கூடுதல் கனம். புது முட்டை அதைவிடவும் கனமானது. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் உப்பைக் கரைத்தால்தான் அது மேலே வரும். பழைய முட்டையாக இருந்தால் உள்ளே காற்றறை பெரிதாகியிருக்கும், சீக்கிரமே மிதந்துவிடும். அதனால் முட்டை புதிதா என்பதை முதலில் ஆசிரியர் தனியாகச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆள் எப்படி மிதக்கிறார் என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. நுரையீரலில் காற்று இருக்கிறது, மொத்த உடலின் சராசரி அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறது. மூச்சை முழுக்க விட்டால் உடல் தாழ்வதைக் குளத்தில் குளிக்கும் பிள்ளைகளே சொல்வார்கள்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், பாத்தித் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லலாம். அதில் முட்டையின் ஒரு சிறு பகுதி வெளியே தெரிய மிதக்கும். உப்பளத்தில் தண்ணீரின் கனத்தை அளக்கக் கண்ணாடிக் குழல் மானி ஒன்றை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். இது சூட்டின் டிகிரி அல்ல, அடர்த்தியைக் காட்டும் ‘போமே’ டிகிரி. கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். முட்டை செய்வதையும் மானி செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அப்பா தினமும் பார்க்கும் அந்தக் குழல் இயற்பியல் கருவி என்று பிள்ளைக்குத் தெரியும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. வீட்டில் தொழிலாக இருப்பது பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கண்டுகொள்வது சின்ன விஷயமில்லை.

இதைவிடவும் நல்ல கேள்வி ஒன்று தனுஷ்கோடி மணலில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர் அது. இன்றும் அங்கே குடிசை போட்டு வாழும் மீனவக் குடும்பங்கள் மணலைத் தோண்டி ஊற்று வெட்டி, அள்ளி அள்ளிக் குடம் நிரப்புகிறார்கள். இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒரு மணல் திட்டு. ஆனால் ஊற்றில் வருவது குடிக்கிற தண்ணீர். ராமேஸ்வரம் தீவுப் பிள்ளைகளுக்கு இது அன்றாடம் பார்க்கிற விஷயம். அதனாலேயே ஏன் என்று கேட்கத் தோன்றியிருக்காது.

கேளுங்கள். ஏழாம் வகுப்பில் கேட்டால் இரண்டு பதில்கள் கட்டாயம் வரும். ஒன்று, “மழைத் தண்ணி உள்ள நிக்குது.” இன்னொன்று, “மணல் உப்பை வடிகட்டிருது.” இரண்டாவது பதில்தான் அதிகம் வரும். பெரியவர்களும் அதையே நம்புகிறார்கள். இங்கே ஆசிரியர் தலையாட்டவும் கூடாது, மறுக்கவும் கூடாது. “சரி, சோதிச்சுப் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னால் போதும்.

அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, நன்றாகக் கழுவிய மணலை நிரப்புங்கள். மேலே கடல்நீர் ஊற்றுங்கள். கீழே சொட்டும் தண்ணீர் உப்புக் கரிக்குமா, கரிக்காதா? எல்லோரும் எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுச் சொட்டவிடுங்கள். பிடித்த தண்ணீரில் சில சொட்டுகளைக் கரண்டியில் விட்டு மெழுகுவத்தியில் காட்டினால், தண்ணீர் வற்றியதும் வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். மணல் அழுக்கைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. அப்படியானால் ஊற்றுத் தண்ணீர் எப்படி நல்ல தண்ணீராயிற்று? இப்போது இந்தக் கேள்வி வகுப்பின் சொந்தக் கேள்வியாகிவிட்டது. ஆசிரியர் திணித்தது அல்ல.

அடுத்த சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குவளையும் பீட்ரூட் சாறும் போதும். குவளையில் பாதிக்குக் கடல்நீர். சாறு கலந்து சிவப்பாக்கிய நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் விட்டு மெல்ல மேலே ஊற்றப்போகிறோம். கலந்துவிடுமா, அடிக்குப் போகுமா, மேலேயே நிற்குமா? பிள்ளைகள் பெரும்பாலும் கலந்துவிடும் என்பார்கள். தண்ணீரும் தண்ணீரும்தானே! மெதுவாக ஊற்றினால் சிவப்பு மேலேயே தனி அடுக்காக நிற்கும். சாற்றைக் கடல்நீரில் கலந்து, அதை நல்ல தண்ணீரின் மேல் ஊற்றினால் சிவப்பு நேராக அடிக்கு இறங்கும். முட்டைப் பாடத்தில் பார்த்த அதே இரண்டரை சதவீதம்தான் இங்கே வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் இரண்டு பக்கக் குறிப்புகளையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மணல் துகள்களுக்கு இடையில் அலை இல்லை, கலக்கல் இல்லை. அதனால் கலப்பது மிக மெதுவாகத்தான் நடக்கும். மணலின் வேலை வடிகட்டுவது அல்ல, கலங்காமல் வைத்திருப்பது. இந்த நன்னீர் ஒரு வில்லை வடிவில், நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் கிடக்கும். அடர்த்தி வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு பங்கு நின்றால் கீழே சுமார் நாற்பது பங்கு இருக்கும். ஒரு சாண் மேலே என்றால் நாற்பது சாண் கீழே. எட்டாம் வகுப்புக்கு இது நல்ல விகிதக் கணக்கும்கூட.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். ஊற்றை ஏன் ஆழமாக வெட்டுவதில்லை, ஏன் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த அடுக்குள்ள குவளையில் ஊசியில்லாத சிரிஞ்சை ஆழமாக விட்டு இழுத்தால் உப்பு நீர் வரும், மேலாக வைத்து மெல்ல இழுத்தால் சிவப்பு வரும். ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் வேகமாக உறிஞ்சும் இடங்களில் தண்ணீர் உப்பாக மாறிப்போவது ஏன் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். மேலே இருக்கும் ஒரு பங்கை எடுத்தால் கீழே நாற்பது பங்கு சுருங்கும். கடற்கரை ஊர்களில் இதைத் தெரியாமல் வளரும் பிள்ளை நாளைக்குத் தன் வீட்டு மனையில் என்ன செய்யும் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பாடநூலில் நிலத்தடி நீர் பற்றிய பக்கம் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானது. நம் மணலுக்கான பக்கத்தை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடம் நடக்கும்போது யாராவது ஒரு பிள்ளை வில்லூண்டித் தீர்த்தத்தைச் சொல்லும். தங்கச்சிமடம் பக்கத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறும் இடம். ராமர் வில்லை ஊன்றியதால் வந்தது என்று ஊர் சொல்கிறது. ஆசிரியர் அந்தக் கதையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. கதை ஊரின் நினைவு, அது இருக்கட்டும். நிலத்துக்கு அடியில் இருக்கும் நன்னீர் கடலோரத்தில் எந்த வழியாக வெளியே வரலாம், படம் வரைந்து காட்டு என்று கேட்டால் போதும். பிள்ளை வரையும் படத்தில் அதன் அறிவு வெளியே வந்துவிடும்.

காற்றுப் பாடம் இதைவிடச் சுலபம். ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பா. ஒன்றில் உலர்ந்த மணல், ஒன்றில் தண்ணீர். இரண்டிலும் ஆய்வக வெப்பமானி. அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் எது அதிகம் சூடாகும் என்று கேட்டால் எல்லோரும் மணல் என்பார்கள். மத்தியானம் வெறுங்காலில் கரையில் நடந்தவர்களாயிற்றே. அதனால் அந்தக் கேள்வியில் கற்க ஒன்றுமில்லை. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு எது சீக்கிரம் ஆறும் என்று கேளுங்கள். அங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். அதிகம் சூடானது அதிக நேரம் சூடாகவே இருக்கும் என்பது ஒரு கட்சி. மணல்தான் முதலில் ஆறும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு கிலோ மணலுக்குத் தேவையானதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. வாங்கும்போது எது தாமதிக்கிறதோ அது விடும்போதும் தாமதிக்கும்.

பகலில் கடலிலிருந்து கரைக்கும், பின்னிரவில் கரையிலிருந்து கடலுக்கும் காற்று வீசுவது இதனால்தான். பாய்மரக் காலத்தில் விடியலுக்கு முன் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பி, பிற்பகலில் கடல்காற்றோடு திரும்பியதைத் தாத்தாக்கள் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும்போதும், மார்கழி வாடையிலும் இந்த ஒழுங்கு மறைந்துவிடும், பருவக்காற்று அதை அமுக்கிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பாடநூல் படத்தில் இருக்கும் நேர்த்தி உண்மைக் கடற்கரையில் எப்போதும் இருக்காது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது, படத்தை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிது.

இப்படிப்பட்ட கேள்விகள் இன்னும் எத்தனையோ. கரையில் ஒதுங்கும் கட்டக்கோரைப் பாசியில் மிளகு மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உருண்டைகளை எல்லாம் குண்டூசியால் குத்திவிட்டுப் போட்டால்? கருவாடு போடும் மீனுக்கு உப்பு எதற்கு, வெயில் மட்டும் போதாதா? உருளைக்கிழங்கு வில்லைகளை எடை பார்த்து, ஒன்றை நல்ல தண்ணீரிலும் ஒன்றை உப்பு நீரிலும் ஊறவைத்தால் எது கனம் கூடும், எது குறையும்? பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் மத்தியானத்துக்குள் என்ன ஆகும்? மஞ்சள் தடவிய காகிதத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் என்ன நிறம், புளித்தண்ணீர் பட்டால் என்ன நிறம்? பாம்பன் பாலத்துக் காற்றில் இரும்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது? 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருவை எதிர்க்கும் தனிப் பூச்சு எதற்கு? நல்ல தண்ணீர், கடல்நீர், கொதிக்கவைத்து எண்ணெய் மிதக்கவிட்ட தண்ணீர் மூன்றிலும் ஆணி போட்டு வைத்தால் எது முதலில் சிவக்கும்?

கேள்வியைவிட அதைக் கேட்கும் விதத்தில்தான் வெற்றி இருக்கிறது. நம் பிள்ளைகள் சரியான விடையை மட்டுமே எழுதப் பழகியவர்கள். கணிப்பை எழுது என்றால் பென்சிலால் எழுதிவிட்டு, முடிவு தெரிந்ததும் அழித்து மாற்றிவிடுவார்கள். அதனால் பேனாவால் எழுதச் சொல்ல வேண்டும். தவறான கணிப்பில் சிவப்பு மை படவே கூடாது, மதிப்பெண்ணும் கூடாது. கைதூக்கச் சொல்லும்போது எல்லோரும் முதல் ரேங்க் பிள்ளை எந்தப் பக்கம் தூக்குகிறது என்று பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொன்னால் இது நின்றுவிடும். ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். காரணம் இல்லாத கணிப்பு வெறும் பந்தயம். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவர் சொல்வதையும் கேட்க ஒரு நிமிடம் தர வேண்டும். பேச்சுத் தமிழிலேயே எழுதட்டும். ‘மெதக்கும்’ என்று எழுதிய பிள்ளையைத் திருத்தப் போனால் அடுத்த வாரம் அது எழுதாது.

ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை, கணிப்பைக் கேட்கும்போது முகத்தை மாற்றாமல் இருப்பது. சரியான பதில் வந்ததும் நம் முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்த்தே மீதிப் பேர் மாறிவிடுவார்கள். தவறாகச் சொன்ன பிள்ளையை வகுப்பு கேலி செய்தால் அன்றே அதை நிறுத்த வேண்டும். கடல்நீரில் முட்டை மிதக்கும் என்று சொன்ன பிள்ளை இல்லாவிட்டால் அந்தப் பாடமே இல்லை. அதை அந்தப் பிள்ளையிடமும் வகுப்பிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்துல் கலாம் தன் ராமேஸ்வரம் பள்ளி நாட்களைப் பற்றிப் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறப்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் சிறுவன் கலாம். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. அன்று மாலை எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டி விளக்கினார். இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் எல்லாம் கடற்கரையைத்தான் சொல்கிறார்கள். ‘புரியவில்லை’ என்று ஒரு பிள்ளை அச்சமில்லாமல் சொல்ல முடிந்த வகுப்பு அது என்பதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அந்த அச்சமின்மை இல்லாத வகுப்பில் கணிப்பு கேட்டுப் பயனில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முக்கால் மணி நேரப் பாடவேளையில் பாதி வருகைப் பதிவிலும் வேறு வேலையிலும் போய்விடுகிறது. எல்லாப் பாடத்துக்கும் இந்த முறை வேண்டாம். வாரத்துக்கு ஒரு நல்ல கேள்வி போதும். செலவும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமத்தில் கிடைக்கும் எளிய பொருட்களை வைத்தே பிள்ளைகளைச் சோதனை செய்யவைத்து, அவர்களே முடிவை எழுதும்படி நடந்தது. பின்னர் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவி, 2002 வரை முப்பது ஆண்டுகள் நீடித்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுவருகிறது. மன்றத்தின் சோதனை நடக்கும் நாளில், சோதனை செய்துகாட்ட வரும் கருத்தாளர் கையை அசைக்கும் முன் வகுப்பாசிரியர் எழுந்து, “கொஞ்சம் நில்லுங்க, பிள்ளைங்க முதல்ல எழுதட்டும்” என்று சொன்னாலே போதும். காட்சி பாடமாகிவிடும்.

இந்த முறை பொருந்தாத இடங்களும் உண்டு. பெயர்கள், வகைப்பாடு, அலகுகள் போன்றவற்றைக் கணிக்கச் சொல்வது பிள்ளையை வீணாக அலைக்கழிப்பது. பாசி வகைகளைக் கற்பிக்க வேண்டுமென்றால், கடலில் பாசி எடுக்கும் சின்னப்பாலத்து அம்மாக்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, ஆசிரியரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். முடிவு தெளிவாக வராத சோதனையையும் எடுக்கக் கூடாது. ஒரு முறை மிதந்து ஒரு முறை மூழ்கினால், கணிப்பு எழுதிய பிள்ளைக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கரைக்குக் கூட்டிப் போவதானால் சில விஷயங்கள் கட்டாயம். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுத்துவந்து பள்ளி அலமாரியில் வைக்கக் கூடாது. பார்க்கலாம், வரையலாம், அங்கேயே விட்டுவிட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதியில்லாமல் இறங்க முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் நீரோட்டம் மோசம். கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூடப் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஏற்றவற்றம் நல்ல தொடக்கம். மண்டபம், பாம்பன் பக்கத்தில் கடல் ஏறி வற்றும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் தோணித்துறைத் தூணில் ஈரக்கோடு தெளிவாகத் தெரியும். காற்று அடங்கிய நாட்களாகப் பார்த்து, துறைக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைகளிடம் பெரியவர் ஒருவரோடு போய், இன்று தண்ணீர் உச்சிக்கு ஏறிய நேரத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். நாளை எத்தனை மணிக்கு ஏறும் என்று எல்லோரும் எழுதட்டும். அதே நேரம் என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போயிருக்கும். அதற்கு மறுநாள் இன்னும் தள்ளும். ஒரு வாரம் குறித்த பிறகு அதே தாளில் நிலா உதிக்கும் நேரத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் விளக்க வேண்டாம், இரண்டு பத்திகளையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அமாவாசைக்கு அடுத்த இரண்டு மூன்று நாளும் எட்டாம் பிறையும் வரும்போது, தண்ணீர் எந்த நாளில் அதிகம் ஏறும் என்ற அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.